வாயடக்கம்தான் வேர்னு பாறையில எழுதி வச்ச ராஜா

தம்பி ஒருத்தர் மூணு கேள்வி ஒண்ணா கேட்டிருந்தார். வேற வேற மதம், வேற வேற கொள்கைன்னு இருக்குற ஜனங்க சண்டை இல்லாம இருக்கணும்னா எல்லாரும் ஏதாவது ஒரு பொதுக் கருத்துக்கு வந்துதான் ஆகணுமா, ஒழுக்கத்தை சட்டம் போட்டு கொண்டு வர முடியுமா, கடைசியா மனுஷன் எதுக்குத்தான் பொறந்தான். இந்த மூணையும் நான் பல வருஷமா மனசுல போட்டு உருட்டிட்டிருக்கேன், பெரிய தத்துவப் பேரெல்லாம் சொல்லி பதில் சொல்லலாம், ஆனா எனக்கு இதுல ரொம்பக் கை கொடுத்தது அசோகனோட கல்வெட்டுங்கதான். வரலாறு சொல்லிக் கொடுக்குற வேலையில இருந்ததால மாணவர்களுக்காக வருஷா வருஷம் அதைப் படிக்க வேண்டியிருந்தது, படிக்கப் படிக்க பாடமா இருந்தது வேற மாதிரி ஆயிடுச்சு.

ஸ்கூல்ல எல்லாரும் படிச்சிருப்போம், கலிங்கப் போர், அசோகர் மனம் மாறினார், மரம் நட்டார், அவ்வளவுதான். அந்தக் கல்வெட்டை நேரா எடுத்துப் படிச்சா அது வேற விஷயம். 13வது பாறைக் கல்வெட்டுல அந்த ஆளே கணக்கு சொல்றார், பட்டம் கட்டி 8 வருஷம் ஆனப்போ கலிங்கத்தை ஜெயிச்சேன், 1,50,000 பேரை அங்கேருந்து பிடிச்சுக்கிட்டுப் போனாங்க, 1,00,000 பேர் அங்கயே வெட்டுப்பட்டாங்க, அதைப்போல பல மடங்கு பேர் செத்தாங்கன்னு. அதோட நிறுத்தலை. அப்பா அம்மா சொல்பேச்சு கேட்டு, வேலைக்காரங்களை நல்லபடியா நடத்தி, சிநேகிதங்களோட ஒழுங்கா வாழ்ந்துட்டிருந்த சாதாரண குடும்பஸ்தனுக்கும் இதே கதி வந்துச்சே, தான் தப்பிச்சாலும் தன்னோட ஆளுங்க பட்ட பாட்டால அவனும் அடிபட்டானேன்னு சொல்லி, இதுல நூத்துல ஒரு பங்கு, ஆயிரத்துல ஒரு பங்கு நடந்தாக்கூட இனிமே எனக்கு அது பாரம்னு முடிக்கிறார். ஜெயிச்ச ராஜா தான் கொன்னவங்களை இப்படி வீட்டு ஆளுங்களா, நட்பு உறவு உள்ளவங்களா நினைச்சுப் பார்த்து, அதைப் பாறையிலயும் வெட்டி வைக்கிறதுங்கறது லேசுப்பட்ட காரியம் இல்ல. கி.மு. மூணாம் நூற்றாண்டுங்க அது.

சரி, முதல் கேள்விக்கு வரேன். அதுக்கான பதில் இதுக்கு முந்தின கல்வெட்டுல இருக்கு, 12வது. குஜராத்ல ஜூனாகட் பக்கம் கிர்னார் மலையடிவாரத்துல, பாகிஸ்தான்ல ஷாபாஸ்கர்ஹில, நமக்குக் கிட்டன்னா ஆந்திரால எர்ரகுடில, இப்படிப் பல இடத்துல வெட்டி வச்சிருக்காங்க. எல்லாக் கூட்டத்தாரையும், துறவியானாலும் சரி குடும்பத்துல இருக்கறவரானாலும் சரி, நான் மதிக்கிறேன், தானம் குடுக்கிறேன், ஆனா தானத்தையும் மரியாதையையும் விட பெருசா நான் நினைக்கிறது ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளயும் அதோட சாரம் வளரணும்ங்கறதுதான், அப்படின்னு ஆரம்பிக்குது. சாரம்னே போட்டிருக்காங்க, நம்ம சாரம் சக்கைன்னு சொல்ற அதே சாரம். அந்த சாரம் வளர வழி பல இருக்கு, ஆனா அதுக்கெல்லாம் வேர் ஒண்ணுதான்னு சொல்லி ஒரு வார்த்தை போடறார், வசி குதி. வாக்கைக் காத்தல்னு அர்த்தம். நம்ம பேச்சுல வாயடக்கம்.

இது என்ன பெரிய தத்துவம், எங்க பாட்டியே சொல்லும்னு தோணும். ஆனா அடுத்த வரியைப் பாருங்க. வாயடக்கம்னதும் நாம என்ன நினைப்போம், அடுத்தவனை திட்டாதன்னு. அவர் அதுக்கு முன்னாடி வேற ஒண்ணு வைக்கிறார்: சம்பந்தமில்லாத நேரத்துல தன் கூட்டத்தை தூக்கிப் பேசாம இருக்கணும், அடுத்த கூட்டத்தை மட்டம் தட்டாம இருக்கணும், பேச வேண்டிய நேரம் வந்தாலும் அளவாப் பேசணும். தற்பெருமை முதல்ல, பழிப்பு ரெண்டாவது. அப்புறம் சொல்றார், எவன் தன் கூட்டத்து மேல இருக்கற பக்தியால அதை உசத்திக் காட்டணும்னு நினைச்சு அடுத்ததை இறக்கிப் பேசறானோ, அவன் தன்னோட கூட்டத்துக்குத்தான் ரொம்ப பலமா கெடுதல் பண்றான். பக்தியாலன்னு அவரே சொல்றது எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது. வெறுப்பாலன்னு சொல்லலை. நம்மள்ல முக்காவாசி பேர் அடுத்தவனை வெறுக்கணும்னு கிளம்பறதில்ல, நம்மளுதை ஆசையா சொல்ல ஆரம்பிச்சு, அது எங்கயோ ஒரு வளைவுல அடுத்தவன் மேல போய் ஏறிடுது.

இதை நான் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். வகுப்புல நான் எப்பவும் நம்ம கோயில், நம்ம ராஜா, நம்ம கலைன்னு சொல்லித்தான் பாடம் நடத்துவேன், பசங்களுக்கு ஒரு பிடிப்பு வரணும்னு நல்ல எண்ணத்துலதான். ஒரு நாள் மணி அடிச்சு எல்லாரும் போனதுக்கு அப்புறம் ஒரு பையன் மட்டும் நின்னான், சார் ஒண்ணு கேக்கலாமான்னான், கேளுப்பான்னேன், நீங்க நம்மன்னு சொல்றப்போ அதுல நானும் இருக்கேனா சார்னு கேட்டான். கோபமாக் கேக்கலை, நிஜமாவே தெரிஞ்சுக்கணும்னு கேட்டான். இருக்கப்பா, ஏன் இல்லாமன்னு சொல்லி அனுப்பிட்டேன், ஆனா அன்னிக்கு ராத்திரி யோசிச்சுப் பார்த்தா அவன் கேட்டதுல நியாயம் இருந்துச்சு, நான் அந்த வார்த்தையைச் சொல்ற இடமெல்லாம் அவனோட வீட்டாளுங்க ஒண்ணு படையெடுத்து வந்தவங்களா இருப்பாங்க இல்லன்னா கதையிலயே இருக்க மாட்டாங்க. நான் யாரையும் திட்டலை. ஒருத்தரைப் பத்தியும் கெட்ட வார்த்தை சொல்லலை. 12வது கல்வெட்டை நான் அதுக்கு முன்னாடியும் எத்தனையோ தடவை நடத்தியிருக்கேன், தூக்கிப் பேசாதன்னு அவர் ஏன் முதல்ல வச்சார்னு அந்தப் பையன் கேட்டப்புறம்தான் உறைச்சுது.

அப்ப பொதுக் கருத்து வேணுமா வேண்டாமா? வேண்டாம்னுதான் அந்தக் கல்வெட்டு சொல்லுதுன்னு நான் படிக்கிறேன். அவர் கேக்கறது சமவாயம். ஒண்ணு கூடறதுன்னு அர்த்தம், இலங்கைத் தமிழ்ல இன்னிக்கும் சர்வதேச உடன்படிக்கைக்கு சமவாயம்னுதான் எழுதறாங்க. கூடி என்ன பண்ணணும்? ஒருத்தர் தர்மத்தை இன்னொருத்தர் காது குடுத்துக் கேக்கணும், கேட்டு மனசுல வாங்கணும். எல்லாக் கூட்டமும் நிறைய கேள்வி ஞானம் உள்ளதா, பஹுஸ்ருதமா இருக்கணும்ங்கறதுதான் என் ஆசைங்கறார். எல்லாரும் பௌத்தரா ஆகணும்னு ஒரு வார்த்தை இதுல இல்ல, அவர் பௌத்தர்தான்னு வேற கல்வெட்டுங்கள்ல பச்சையாவே சொல்றார், இருந்தாலும் இதுல இல்ல. கயா பக்கம் பராபர் மலைக் குகைகளை பட்டம் கட்டின 12வது வருஷத்துலயே ஆஜீவகர்களுக்குக் குடுத்திருக்கார், ஆஜீவகர்னா எல்லாம் விதிப்படிதான் நடக்கும், நம்ம முயற்சிக்கு அதுல வேலையே இல்லன்னு சொல்றவங்க. முயற்சி முயற்சின்னு கல்வெட்டுக்குக் கல்வெட்டு எழுதின மனுஷனுக்கு இதைவிட எதிரான கொள்கை இருக்க முடியாது. ஆனா மழைக்கு ஒதுங்க அவங்களுக்கு இடம் குடுத்தார்.

ஆப்கானிஸ்தான்ல கந்தஹார்ல 1958ல ஒரு கல்வெட்டு கிடைச்சுது, கிரேக்கத்துலயும் அராமிக்லயும் ரெண்டு மொழியில. அதுக்கப்புறம் 1963ல அங்கயே கிரேக்கத்துல இன்னொண்ணு, இந்த 12வது கல்வெட்டோட முடிவும் 13வதோட ஆரம்பமும் இருக்குற துண்டு. அந்த மொழிபெயர்ப்பு பண்ணினவர் யாரோ நல்ல கெட்டிக்காரர், வசி குதிங்கற இடத்துல, நாக்கை அடக்கத் தெரிஞ்சவன்தான் எல்லாத்தையும் விட தன்னை அடக்கத் தெரிஞ்சவன்கற மாதிரி போட்டிருக்கார். கூட்டம், சமயம்ங்கற இடத்துல பாசண்டம்னு மூலத்துல இருக்கறதுக்கு சிந்தனைப் பள்ளின்னு அர்த்தம் வர்ற கிரேக்க வார்த்தையை எடுத்திருக்கார்.

இந்த பாசண்டங்கற வார்த்தையைப் பத்திக் கொஞ்சம் சொல்லியே ஆகணும், எனக்கு இதை நினைச்சா வருத்தமா இருக்கும். அசோகன் காலத்துல அதுல திட்டு கிடையாது, என் பாசண்டம் உன் பாசண்டம்னு எல்லாருக்கும் பொதுவா சொன்னது, என் குழு உன் குழுங்கற மாதிரி. பின்னாடி அதே வார்த்தை வேதத்துக்குப் புறம்பானவன், பொய்ச் சமயத்தான்னு வசைச் சொல்லா மாறிடுச்சு, நம்ம மொழியிலயும் பாஷண்டின்னா அப்படித்தான், இந்தில பாக்கண்ட்னா இன்னிக்கு வெளிவேஷம். தேவானாம்பிரியன், அதாவது தேவர்களுக்குப் பிரியமானவன்னு அவர் தனக்கு வச்சுக்கிட்ட பட்டத்துக்கும் இதே கதிதான், சமஸ்கிருத இலக்கணக்காரங்க பின்னாடி அதுக்கு முட்டாள்னு அர்த்தம் சொன்னாங்க. வாயை அடக்குங்கன்னு கேட்டவரோட வார்த்தைங்களே வாயடக்கம் இல்லாத வாய்ல போய் இப்படி ஆச்சு. ஒரு சமூகத்துல நல்லிணக்கம் கெடறதை கலவரம் வந்தப்புறம்தான் நாம பாக்கறோம், அதுக்கு ரொம்ப முன்னாடியே சாதாரணப் பேரா இருந்ததெல்லாம் வசையா மாறிட்டு வரும். உங்க ஊர்லயும் கவனிச்சுப் பாருங்க, பத்து வருஷம் முன்னாடி வெறும் அடையாளமா இருந்த எந்தெந்தப் பேரு இப்போ பல்லைக் கடிச்சுக்கிட்டு சொல்ற பேரா மாறியிருக்குன்னு.

இங்க ஒரு விஷயத்தை மறைக்காம சொல்லணும். அவரே அவர் சொன்னதைக் காப்பாத்தலை. 9வது கல்வெட்டுல, கல்யாணம், குழந்தை பொறப்பு, பிரயாணம், வியாதின்னு ஜனங்க பலவிதமான சடங்கு பண்றாங்க, அதுலயும் பொம்பளைங்க பண்றதெல்லாம் அற்பம், அர்த்தமில்லாததுன்னு எழுதறார். குழந்தைக்கு காய்ச்சல்னா ராத்திரி முழுக்க கண் முழிச்சு மிளகாயோ உப்போ சுத்திப் போடற ஒரு தாய்க்கு அது அர்த்தமில்லாததா? முதல் கல்வெட்டுல ஜனங்க கூடற சில திருவிழாக்களை நடத்தக் கூடாதுங்கறார். அதைவிட கஷ்டமானது, அந்த 13வது கல்வெட்டுலயே, இவ்வளவு வருந்தின அதே மூச்சுல, காட்டுல இருக்குற ஜனங்களுக்கு எச்சரிக்கை விடறார், தேவானாம்பிரியன் வருத்தப்பட்டாலும் கையில பலம் இருக்கு, ஒழுங்கா இருங்க, இல்லன்னா சாக வேண்டியிருக்கும்னு. பிடிச்சுக்கிட்டுப் போன ஒன்றரை லட்சம் பேரை திருப்பி அனுப்பினேன்னும் அதுல எங்கயும் இல்ல. மரண தண்டனையையும் அவர் எடுக்கலை, தீர்ப்பானவனுக்கு மூணு நாள் அவகாசம் குடுத்தார், அவ்வளவுதான். இதையெல்லாம் சொல்றது அவரைக் கீழ இறக்க இல்ல. பாசண்டம்னு பேரும் குருவும் உள்ள கூட்டத்துக்கு அவர் காட்டின மரியாதை, பேரில்லாத ஜனங்களுக்கு, காட்டுக்காரங்களுக்கு, வீட்டுப் பொம்பளைங்களுக்கு போய்ச் சேரலை. இன்னிக்கு நாம நடத்துற சமய நல்லிணக்கக் கூட்டங்கள்லயும் மேடையில யார் உக்காந்திருக்காங்கன்னு பாத்தா இதே குறை அப்படியே இருக்கு.

ரெண்டாவது கேள்வி, சட்டம் போட்டு ஒழுக்கம் வருமா. இதுக்கு வயசான அசோகன் பதில் சொல்றார், பட்டம் கட்டி 27 வருஷம் கழிச்சு, 7வது தூண் கல்வெட்டுல. அது முழுசா ஒரே ஒரு தூண்லதான் இருக்கு, ஹரியானா டோப்ராலேருந்து ஃபிரோஸ் ஷா துக்ளக் டெல்லிக்கு தூக்கிட்டு வந்து தன் கோட்டையில நிறுத்தினாரே அந்தத் தூண். ஜனங்க தர்மத்துல வளர்ந்தது ரெண்டு வழியில, ஒண்ணு நியமம், அதாவது சட்டம், இன்னொண்ணு நிஜ்ஜத்தி, தானா யோசிச்சு மனசு ஒத்துக்கறது, இதுல நியமம் லகுவானது, மத்ததுதான் பெருசுன்னு சொல்றார். லகுங்கற வார்த்தையே மூலத்துல இருக்கு. இதுல முக்கியம் என்னன்னா இதைச் சொல்றவர் சட்டமே போடாத சாமியார் இல்ல, அதுக்கு ஒரு வருஷம் முன்னாடிதான் கிளி, மைனா, வௌவால், ஆமைன்னு நீளமா பட்டியல் போட்டு இதையெல்லாம் கொல்லக் கூடாதுன்னு உத்தரவு போட்டவர். போட்டுப் பாத்துட்டு, அதிகாரத்தோட உச்சியில இருந்துக்கிட்டே, இது லேசான சமாச்சாரம்தான்னு ஒத்துக்கறார்.

என் கருத்தையும் கேட்டா, நான் இதுல அவரோட முழுசா ஒத்துப் போக மாட்டேன். சட்டம் மனசை மாத்தாது சரி, ஆனா மனசு மாறற வரைக்கும் அடி வாங்கறவன் காத்திட்டிருக்க முடியாது, தீண்டாமையை 1950ல அரசியலமைப்போட 17வது பிரிவு ஒழிச்சது யாரோட மனசு மாறினதுக்கும் காத்திருந்து இல்ல, காத்திருக்கவும் கூடாது. சட்டம் முதுகுல விழற அடியை நிறுத்தும். அதுக்கப்புறம் அதே தெருவுல அந்த ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து சாப்பிடணுமே, அதுக்கு நிஜ்ஜத்தி வேணும், அதை எந்த ஆபீஸும் உத்தரவு போட்டுத் தர முடியாது. இந்த மனசுக்குள்ள நடக்குற வேலை ஏன் கஷ்டம்னும் 3வது தூண் கல்வெட்டுல சொல்லியிருக்கார், மனுஷன் தான் பண்ணின நல்லதை மட்டும் பாக்கறான், இந்த நல்லது நான் பண்ணினேன்னு, தான் பண்ணின பாவத்தை பாக்கறதே இல்ல, அது பாக்கறதுக்கு சிரமமானது, இருந்தாலும் பாக்கணும்னு. கடுமை, கொடுமை, கோபம், கர்வம், பொறாமை, இதெல்லாம் என்னைக் கவுத்துடக் கூடாதுன்னு பாத்துக்கணும்னு பட்டியலே குடுக்கறார். கலிங்கத்தைப் பாத்தவர் எழுதினதுன்னு தெரிஞ்சு படிக்கறப்போ அதோட கனம் வேற.

மூணாவது, எதுக்குப் பொறந்தோம். இதுக்கு மோட்சம், பேரு புகழ், சந்தோஷம்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. 6வது பாறைக் கல்வெட்டுல அசோகன் சொல்றது கடன். நான் சாப்பிட்டுக்கிட்டிருந்தாலும் அந்தப்புரத்துல இருந்தாலும் தோட்டத்துல இருந்தாலும் எந்த நேரமானாலும் ஜனங்க காரியத்தை வந்து சொல்லலாம், எவ்வளவு பாடுபட்டாலும் எனக்கு போதும்னு தோணறதில்ல, உலகத்துக்கே நல்லது பண்றதை விடப் பெரிய வேலை கிடையாது, நான் பாடுபடறதெல்லாம் உயிர்களுக்கு நான் பட்ட கடனைத் தீர்க்கத்தான், அப்படின்னு. நம்ம ஊர்ல ருணம்னு சொல்லுவோமே, அதேதான். ராஜாவுக்கு யார்கிட்ட கடன்? ஜனங்கதானே அவருக்கு வரி கட்டறாங்க. ஆனா அவர் தன்னை வாங்கினவன் பக்கம் வச்சுக்கிட்டு யோசிக்கறார், குடுத்தவன் பக்கம் இல்ல.

நான் இதைப் பிடிச்சுக்கிட்டதுக்குக் காரணம் இருக்கு. என் வாழ்க்கைக்கு என்ன அர்த்தம்னு கேக்கறப்போ நாம என்கிட்டேருந்து ஆரம்பிச்சு வெளிய தேடிட்டுப் போறோம், கிடைக்காம சோர்ந்து போறோம். கடன்னு வச்சுப் பாத்தா அது ஏற்கனவே இருக்கு, தேட வேண்டியதில்ல. எனக்குப் பேச்சு சொல்லிக் குடுத்தது யாரோ, இன்னிக்கு நான் சாப்பிட்ட அரிசிக்கு நாத்து நட்டது யாரோ, முகமே தெரியாத எத்தனையோ பேருக்கு பாக்கி இருக்கு, அவங்கள்ல பாதிப் பேர் என் ஜாதி இல்ல, என் மதம் இல்ல, பாக்கி மட்டும் இருக்கு. முதல் கேள்வியும் மூணாவது கேள்வியும் எனக்கு இந்த இடத்துலதான் ஒண்ணாச் சேருது, கடன்பட்டவன் கடன் குடுத்தவன் முன்னாடி நின்னு தன் பெருமை பேச மாட்டான்.

2வது கல்வெட்டு இந்தக் கடனை எப்படி அடைக்கப் பாத்தார்னு காட்டுது. மனுஷனுக்கு ஒரு வைத்தியம், மிருகத்துக்கு ஒரு வைத்தியம், மூலிகை இல்லாத இடத்துக்கு மூலிகை கொண்டு போய் நடறது, வழியில கிணறு, மரம். இதெல்லாம் தன்னோட ராஜ்யத்துல மட்டும் இல்ல, எல்லைக்கு அப்பால சோழர், பாண்டியர், சத்யபுத்திரர், கேரளபுத்திரர், தாம்ரபர்ணி, அதாவது இலங்கை வரைக்கும்னு பேர் சொல்றார். அதுல சத்யபுத்திரர் யாருன்னு ரொம்ப காலம் சண்டையா இருந்தது, 1981ல திருக்கோவிலூர் பக்கம் ஜம்பைல கிடைச்ச தமிழி, அதாவது தமிழ் பிராமி எழுத்துக் கல்வெட்டு அதைத் தீர்த்துச்சு, ஸதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி ஈத்த பாளின்னு இருக்கு. அதியமான் துறவிங்களுக்கு தங்கறதுக்கு இடம் குடுத்திருக்கான், பாளின்னா இருப்பிடம். அங்க பராபர்ல ஆஜீவகர்களுக்கு குகை, இங்க ஜம்பைல பாளி, எல்லாம் போக்கிடம் இல்லாதவன் தலை சாய்க்க ஒரு இடம்.

கடைசியா தௌலி. புவனேஸ்வர் பக்கத்துல, கலிங்க மண்ணுலயே இருக்குற பாறை. அங்க போறவங்க அந்த உருக்கமான 13வது கல்வெட்டை எதிர்பாத்துப் போவாங்க. அது அங்க இல்ல. தௌலிலயும் கஞ்சம் பக்கம் ஜௌகடாலயும் 11, 12, 13 மூணையும் விட்டுட்டு வேற ரெண்டு கல்வெட்டு வெட்டியிருக்கு. ஏன்னு ஆளுக்கொரு காரணம் சொல்லுவாங்க. எனக்குத் தோணறது, பிள்ளையைப் பறிகுடுத்தவன் வீட்டு வாசல்ல போய் நான் எவ்வளவு வருத்தப்படறேன் பாருன்னு எழுதி ஒட்டறது மரியாதை இல்லன்னு அவருக்கு தெரிஞ்சிருக்கும், அரசியல் கணக்கும் இருந்திருக்கலாம். அதுக்கு பதிலா அங்க இருக்கறது தோசலி நகரத்து அதிகாரிங்களுக்கு உத்தரவு. எல்லா மனுஷனும் என் பிள்ளைங்கன்னு ஆரம்பிச்சு, காரணமே இல்லாம ஒருத்தன் ஜெயில்ல அடைபடறான், சித்திரவதைப்படறான், அதை நீங்க கவனிக்கணும்ங்கறார், பொறாமை, முன்கோபம், கொடுமை, அவசரம், அக்கறையின்மை, சோம்பல், அலுப்பு, இதெல்லாம் இருந்தா நியாயம் வழங்க முடியாதுங்கறார். அலுப்பைக் கூட சேர்த்திருக்கார் பாருங்க, அநியாயத்துல பாதி கெட்ட எண்ணத்தால நடக்கறதில்ல, சலிச்சுப் போன கிளார்க்கால நடக்குதுன்னு 2200 வருஷம் முன்னாடியே தெரிஞ்ச மனுஷன். இந்த உத்தரவை ஒவ்வொரு திஸ்ய நட்சத்திரத்தன்னிக்கும், அதாவது நம்ம பூசம், எல்லாரும் கேக்கறபடி படிக்கணும், நடுவுல மத்த நாள்லயும் சமயம் வாய்ச்சா படிக்கலாம், கேக்கறதுக்கு ஒரே ஒரு ஆள்தான் இருந்தாலும் அவனுக்குப் படிக்கணும்னு எழுதி வச்சிருக்கார்.